எனக்குப் பிடிக்காத ஜோர்ஜியா

அமெரிக்காவின் தென்கிழக்கில் இருக்கும் ஜோர்ஜியா மாநிலம் எனக்குப் பிடிக்காது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். கனடாவில், ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிற விருந்தாளிகளுக்கும் தெரியும், மருமகன் சொல்லியிருப்பார். உண்மையில் அது மிக நல்ல இடம். போன வசந்தத்தில் ஒரு வாரம் அங்கே சுற்றினேன், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. மருமகனுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. என் கணவருக்கு வாசிக்க வரும், ஆனால் நான் எழுதியதை அவர் வாசித்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் இதை எழுதுவதில் ஆபத்து எதுவும் இல்லை.

கப்பலில் வரும் பெட்டிகளை லொறிகளுக்கும் கடைகளுக்கும் பிரித்து அனுப்புகிற வேலை மருமகனுக்கு. ஜோர்ஜியாவின் கரையோர நகரமான சவானாவில் பெரிய துறைமுகம் இருக்கிறது. அங்கே அவருக்கு இதே வேலை, இன்னும் பெரிய பொறுப்போடு, கிடைத்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தன் கணினியை எங்கள் தொலைக்காட்சியில் பொருத்தி எங்களுக்கு வகுப்பு எடுத்தார். முதலில் நிலம், பிறகு பொருளாதாரம், கடைசியில் பார்க்கவேண்டிய இடங்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே நிலப்பரப்பில் ஆகப் பெரிய மாநிலம் இதுதான் என்றார். என் கணவர் மலைகளிலேயே நித்திரையாகி, வீட்டு விலைகள் வந்தபோது விழித்துக்கொண்டார். மகள் ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். முடிவு சொல்லுமுன் ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று மருமகன் சொல்ல, "அம்மாவும் அப்பாவும் வரட்டும்" என்றாள் மகள். என்னையும் ஒரு ஆளாக மதிக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்.

என் வாய் ஊரறிந்தது. எந்தக் கலியாணத்திலும் சோற்றில் ஒரு குறை கண்டுபிடித்து விட்டுத்தான் வருவேன். ஆனால் பிள்ளைகளின் வாழ்க்கையில் மூக்கை நுழைத்தாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். மகள் போனால் எனக்குக் கை முறிந்த மாதிரித்தான் இருக்கும். அதற்காக அவள் போவதைத் தடுப்பதா? இந்தப் பயணத்தில் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, சோறு அவிக்கிற குக்கரையும் சம்பலையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

வின்சரில் எல்லையைக் கடந்து, ஒகாயோ, கென்ரக்கி, டெனசி என்று தெற்கே இறங்கினால், ஜோர்ஜியாவில் முதலில் வருவது மலைப்பக்கம். மலை என்றால் பயப்படுத்துகிற மலை இல்லை, தூரத்தில் நீலமாகப் படுத்திருக்கும். அதன் அடியில் டோல்ரன் என்று ஒரு ஊர். ரொறன்ரோவில் ஸ்ரீல்ஸ் வீதியில் ஒரு பிளாசாவில் எங்களுக்கு, தரைக்கு விரிக்கிற காப்பெற் விற்கும் கடை இருக்கிறது. கடைக்கு வருகிற காப்பெற் சுருள்களில் பாதிக்கு மேல் இந்த ஊரில் செய்தவை. சுருளில் ஒட்டியிருக்கும் அந்தப் பெயரை எத்தனையோ வருடம் வெட்டி எறிந்திருக்கிறேன். அது ஒரு ஊர், அங்கே பள்ளிக்கூடமும் பல்வைத்தியரும் இருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நெடுஞ்சாலை ஓரமாக ஜன்னல் இல்லாத நீளமான தொழிற்சாலைகள். கணவர் கோயிலைக் கண்டவர் மாதிரிக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, மதிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அட்லாண்டா பக்கம் வந்தால், வீடு கட்ட வெட்டின இடமெல்லாம் செம்மண். உடனே கணவர் "சுன்னாகம் மாதிரிக் கிடக்கு" என்றார். எங்கள் ஆட்கள் உலகத்தில் எங்கே செம்மண்ணைக் கண்டாலும், ஊரில் செம்மண்ணுக்குப் பெயர்போன சுன்னாகம் என்பார்கள். இறங்கிப் பார்த்தேன். இது களி. மழை நனைத்தால் காலில் போட்ட சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. சுன்னாகமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அட்லாண்டாவில் பெரிய விமான நிலையம், சினிமாப் படம் பிடிக்கிற கொட்டகைகள், எங்கள் 401 நெடுஞ்சாலையையே சின்னதாக நினைக்க வைக்கும் வாகன நெரிசல். மேக்கன் நகரைத் தாண்டியதும் நிலம் தட்டையாகி மணலாகிறது. பீச் பழத் தோட்டங்களில் பூ உதிர்ந்து காய் பிடித்திருந்தது. பீக்கான் கொட்டை மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. இன்னும் தெற்கே கச்சான் கடலையும் பருத்தியும் விளைகின்றன என்றார் மருமகன். வழியில் வலைப் பைகளில் ஒரு வகை வெங்காயம் விற்றார்கள், கொஞ்சமும் காராது, இனிக்கும். நம்பாமல் நின்ற எனக்கு, விற்றவள் அப்பிளைக் கடிக்கிற மாதிரி ஒன்றைக் கடித்துக் காட்டினாள்.

சவானா அழகான நகரம். நடுவே சின்னச் சின்னச் சதுக்கங்கள், ஒவ்வொன்றிலும் பெரிய ஓக் மரங்கள், கிளைகளில் சாம்பல் நிறத் தாடி மாதிரிப் பாசி தொங்குகிறது. சுற்றிவரப் பழைய மாளிகைகள். அவற்றைக் கட்டின பணம் பருத்தியில் வந்தது. அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் அடிமைகள், கூலி இல்லை. இதை எழுதின பலகை ஒன்று நிற்க, அதற்குப் பக்கத்தில் இருந்துதான் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். நாங்களும் சாப்பிட்டோம்.

ஆற்றங்கரைத் தெருவில் நின்றபோது ஒரு கப்பல் வந்தது. மாடிக் கட்டடம் ஒன்று நகர்ந்து வருவது போல, பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, கை நீட்டினால் தொடலாம் போலக் கிட்டவாகப் போனது. மருமகன் அது எங்கிருந்து வந்திருக்கும், எந்தப் பெட்டி எப்படி இறங்கும் என்று தன் சொந்தக் கப்பலைப் போலச் சொல்லிக்கொண்டே போனார். அந்த மனிதரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை, கலியாணத்தன்று உட்பட. சரி, இவர்கள் இங்கே வந்துவிடப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை ஆண்கள் இருவரும் வீடு பார்க்கப் போனார்கள். மகளும் நானும் பக்கத்தில் இருந்த டைபி தீவுக் கடற்கரைக்குப் போனோம். கடல் அமைதியாக இருந்தது. அதிக சனம் இல்லை.

"அம்மா, இடம் எப்பிடி?" என்றாள் மகள்.

"நல்லாயிருக்குப் பிள்ளை. உண்மையாத்தான் சொல்லுறன். சனமும் நல்ல மரியாதை. யோசிக்காமல் வாங்கோ, நாங்கள் வந்து வந்து பார்ப்பம்."

அவள் முகம் விழுந்துவிட்டது. அப்படியே மணலில் இருந்தாள்.

"நீங்கள் ஓரிடத்தையும் நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லை. நயாகராவுக்குப் போயே தண்ணி கூடிப்போச்செண்டு சொன்னனீங்கள். இந்த இடம் மட்டும் ஏன் பிடிச்சிருக்கு?"

"பிடிச்சிருக்கே, நான் என்ன செய்ய?"

"நீங்கள் பிடிக்கேல்லை எண்டுவீங்கள், அதைச் சொல்லி ரொறன்ரோவிலையே நிக்கலாம் எண்டுதான் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

நானும் அவளுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தேன். அவள் மருந்தாளராக வேலை செய்கிறாள். இங்கே வந்தால் முதலில் இருந்து சோதனை எழுதவேண்டும். அது கூடப் பரவாயில்லை என்றாள். அவளுக்கு வர விருப்பமில்லை, அவ்வளவுதான்.

"அப்ப அவரிட்டைச் சொல்லன்."

"எப்பிடிச் சொல்லுறது? நான் படிச்சுக்கொண்டிருக்கேக்கை அவருக்கு வான்கூவரிலை நல்ல ஜொப் வந்தது. எனக்காக வேண்டாமெண்டவர். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டினதில்லை. இப்ப நான் எந்த வாயாலை நோ சொல்லுறது? நீங்கள் சொன்னால் அவருக்கு என்னிலை கோவம் வராது."

"என்னிலை வரும்."

"ஓம்" என்றாள்.

எங்கள் வீடுகளில் இது நடைமுறைதான். புருசனும் பெண்சாதியும் நேரே சொல்ல முடியாததை, ஒரு பெரிய ஆளின் விருப்பமின்மை சொல்லிவிடும். அதற்கு மேல் யாரும் வழக்குப் பேசமாட்டார்கள். வந்த புதிதில் நாங்கள் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறையில் இருந்த காலத்தில் கணவருக்குத் தூர மேற்கே கல்கரிக்குப் போகிற ஆசை வந்தது. என் மாமியின் முழங்கால் வலியை வைத்துத்தான் நான் தப்பினேன். முழங்காலுக்குக் கல்கரிக் குளிர் ஒத்துவராது என்று மாமியே சொன்னார். அவருக்கு அப்போது உண்மையில் நொந்ததா என்று நான் கேட்டதில்லை.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வரும் வழியில், மகள் தந்த வேலையைத் தொடங்கினேன்.

"தம்பி, உந்தக் கடற்கரையில கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடிக்குது. உடம்பெல்லாம் சொறி."

"ஸ்பிறே இருக்கு மாமி."

"வெயிலும் இப்பவே உப்பிடியெண்டால் ஆடி மாசம் என்ன செய்யிறது? வெங்காயமும் இனிக்குது. இனிக்கிற வெங்காயத்தில என்னெண்டு சம்பல் போடுறது?"

மருமகன் சிரித்தார். "மற்ற வெங்காயமும் விக்கிறாங்கள் மாமி."

பஸ் இல்லை என்றேன். கதைக்க ஆளில்லை என்றேன். சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்புக் குறைந்தது. மகள் முன் இருக்கையில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கென்ரக்கியில் பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாமி, அப்ப நாங்கள் அங்க போறது உங்களுக்கு விருப்பமில்லையோ?"

மரியாதையாகத்தான் கேட்டார். கண்ணில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அந்தக் கப்பலைப் பார்த்து நின்ற முகம் எனக்கு நினைவு வந்தது.

"இல்லைத் தம்பி. என்ரை பிள்ளையை அவ்வளவு தூரத்துக்கு விட்டிட்டு என்னால இருக்கேலாது. போகவேண்டாம்."

"அம்மா!" என்றாள் மகள், கோபமாக. கணவர் தலையில் கை வைத்தார். மருமகன் "சரி மாமி" என்று சொல்லி இறங்கிப்போய்ப் பெற்றோல் அடித்தார். அதன் பிறகு ஒகாயோ முழுவதும் வானொலி மட்டும்தான் பேசியது. எல்லையில் கனடா அதிகாரி எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். ஜோர்ஜியா என்றார் மருமகன். எதற்கு என்று கேட்க, சும்மா சுற்றிப் பார்க்க என்றார்.

மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டிகளையும் குக்கரையும் அவரே இறக்கி வைத்தார். தேத்தண்ணி போடுகிறேன் என்றேன். "வேண்டாம் மாமி, நாளைக்கு வெள்ளன வேலை" என்றார். கலியாணம் முடிந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் அவர் போனதில்லை. "உனக்கேன் தேவையில்லாத வேலை? அதுகளின்ரை வாழ்க்கையை அதுகள் பாக்குங்கள்" என்று ஏசிக்கொண்டு கணவர் உள்ளே போய்விட்டார்.

மகள் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். மருமகன் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானே அவளாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனாலும் கார் வெளியே திரும்பும்போது, அவர் வீதியைப் பார்க்கிற நேரத்தில், ஒரு தரம் என்னைப் பார்ப்பாள் என்று வாசலில் நின்றேன். அவள் பார்க்கவில்லை. எனக்கு நன்றாக நொந்தது.