நிறம் காட்டாத மழைப்படம்

என் மகள் விமானம் ஓட்டப் படிக்கிறாள் என்று சொன்னால் உரும்பிராயில் எல்லோரும் முதலில் கேட்பது, "பெரிய பிளேனோ?" என்றுதான். சின்னது. ஒரு பழைய காருக்குள் இருக்கும் இடம்தான் அதற்குள்ளும் இருக்கிறது. முன்னால் ஒற்றை எஞ்சின். தெற்கே அவளுடைய பயிற்சிப் பள்ளி இருக்கும் இரத்மலானையிலிருந்து தூரத்து விமான நிலையம் ஒன்றுக்குத் தனியாகப் போய்த் திரும்பினால்தான் உரிமம் கிடைக்கும். அவள் யாழ்ப்பாணத்துப் பலாலியைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டுக்குக் கிட்ட வந்து இறங்க வேண்டும் என்ற ஆசை.

அந்தப் பயணத்தை எழுத உட்கார்ந்தால் இன்னமும் நிதானம் வருவதில்லை. பாதி பயம். மீதி கோபம்.

கோபம் முதலில் என் அண்ணன் மேல். அவர் கனடாவில் இருக்கிறார். ஓய்வு நாட்களில் வாடகைக்குச் சிறு விமானம் எடுத்து ஓட்டுவார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது தன் மருமகளான என் மகளுக்கு ஒரு டேப்லெட் கொண்டு வந்தார். விமானிகளுக்கான வானிலைச் செயலி ஒன்றையும் அதில் போட்டு, சந்தாவும் கட்டியிருந்தார்.

"இதைவிட நல்ல சாமான் உலகத்திலை இல்லை, பிள்ளை. நான் அங்கை இதைப் பாக்காமல் வெளிக்கிடவே மாட்டன். பச்சை எண்டால் தூறல். மஞ்சள் எண்டால் கவனம். சிவப்பெண்டால் கிட்டவும் போகாதை."

தன் ஊரின் படத்தைத் திறந்து காட்டினார். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மழை ஊர்ந்துகொண்டிருந்தது.

"கலியாண வீட்டுச் சோடினை மாதிரிக் கிடக்கு," என்றார் என் கணவர்.

அதுவரை அவள் பார்த்துவந்தவை எளிய சாமான்கள். விமான நிலையங்கள் அனுப்பும் எழுத்தும் எண்ணுமான வானிலைக் குறிப்பு ஒன்று, வானிலிருந்து செய்மதி எடுக்கும் மேகப்படம் ஒன்று. அண்ணன் அந்தக் குறிப்பை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உதென்ன, தந்தி அடிச்ச மாதிரி? உதை வைச்சே பறக்கிறாய்?" அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

ஐப்பசி மாதம். பலாலிப் பயணத்துக்குக் காலையில் கிளம்ப வேண்டியவளுக்கு விமானம் கைக்குக் கிடைக்க மதியமாகிவிட்டது. ஐப்பசி மதியத்தில் வழியிலுள்ள வன்னிப் பக்கம் இடி எழும்பும் என்பது எனக்கே தெரியும். பயிற்சிப் பள்ளிக்குத் தெரியாதா? அவள் செயலியைப் பார்த்தாள். புறப்படும் இடம் பச்சைப் புள்ளி, வழியிலுள்ள அனுராதபுரம் பச்சைப் புள்ளி, பலாலி பச்சைப் புள்ளி. அது தூறலின் பச்சை அல்ல, பறக்கலாம் என்பதற்கான பச்சை. இடையில் மழைப்படத்தில் ஒரு நிறமும் இல்லை. அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாள். அண்ணன் உடனே பதில் அனுப்பினார்: "வானம் சுத்தம். வெளிக்கிடு."

நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் பலாலிக்குப் போய் வீதியோரம் நின்றோம். உள்ளே விடமாட்டார்கள். இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்று நினைத்தோம். நல்ல வெயில். வரவேண்டிய நேரம் கடந்தது. அதற்குப் பிறகும் கடந்தது. நான் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீர் கொஞ்சம் பொறும். பஸ்ஸே நேரத்துக்கு வாறேல்லை," என்றார். அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

கடைசியில் அவளே தொலைபேசி எடுத்தாள். "அம்மா, நான் அனுராதபுரத்திலை நிக்கிறன்."

"ஏன் அங்கை?"

"முன்னாலை ஒரேயடியாய்க் கறுத்துப் போச்சு. திரும்பீட்டன்."

மிச்சத்தைப் பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். வவுனியாவைத் தாண்டியதும் மழை கண்ணாடியில் அறைந்திருக்கிறது. தரை மறைந்துவிட்டது. விமானம் தூக்கிப் போட்டதில் தலை கூரையில் இடித்திருக்கிறது. படிப்பித்தபடி கருவிகளை மட்டும் பார்த்து மெதுவாகத் திருப்பியிருக்கிறாள். அப்போதும் மடியிலிருந்த டேப்லெட்டில் வெறும் வரைபடம். அதன் நடுவே அவளுடைய விமானத்தின் சின்ன உருவம்.

விமானத்தை இரத்மலானையில் திருப்பி விட்ட பிறகு, சில நாள் ஓய்வெடுக்க ரயிலில் வீட்டுக்கு வந்தாள். ஒரு பின்னேரம் கூரை அதிர மழை பெய்தது. முற்றத்தில் வெள்ளம் நின்றது. அவள் டேப்லெட்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்கோ அம்மா."

உரும்பிராய், யாழ்ப்பாணம், காங்கேசன்துறை எதன் மேலும் ஒரு துளி நிறம் இல்லை.

"உது பழுதோ?"

"பழுதில்லை அம்மா. நிறமெல்லாம் ராடாரிலை இருந்து வாறது. எங்கடை பக்கத்து ராடார் தகவல் ஒண்டும் உதுக்குக் கிடைக்கிறேல்லை. அதாலை படத்திலை கீறுறதுக்கு உதிட்டை ஒண்டும் இல்லை."

மழை இல்லாவிட்டாலும் வெறுமை. தனக்குத் தெரியாவிட்டாலும் அதே வெறுமை. எங்கள் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரியாத சாமான், தெரியாது என்று ஒரு வரி எழுதவில்லை. என் பிள்ளை அந்த வெறுமையை நல்ல வானம் என்று நம்பி ஏறியிருக்கிறாள்.

அந்த மழைச் சத்தத்திலேயே அண்ணனுக்கு அழைத்தேன்.

"அண்ணை, உங்கடை சாமான் இஞ்சத்தை மழையைக் காட்டாது."

"என்ன கதைக்கிறாய்? அது முதல்தரமானது."

"உங்கடை ஊருக்கு முதல்தரம். இஞ்சை முற்றத்திலை வெள்ளம் நிக்குது, அதிலை ஒரு பொட்டும் இல்லை."

"அங்கையிருந்து தகவல் வராட்டி அவங்கள் என்ன செய்யிறது?"

"தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்ல வேணும். அதுக்குத்தான் வாயில்லை, உங்களுக்குமோ இல்லை? வானம் சுத்தம் எண்டு எதை வைச்சுச் சொன்னனீங்கள்?"

"தங்கச்சி, அவள் பத்திரமாய்த்தானே இறங்கினவள்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

செயலியை அழித்துவிடு என்று மகளிடம் சொன்னேன். அவள் அழிக்கவில்லை. விமான நிலையக் குறிப்புகளை அதில் தெளிவாக வாசிக்கலாமாம். மழைப்படத்தை மட்டும் நிறுத்தி வைத்தாள். பிறகு தான் பார்க்கும் ஒவ்வொன்றையும் கிளறினாள். எங்கிருந்து தகவல் எடுக்கிறது, எத்தனை மணிக்கு எடுத்தது, தெரியாத இடத்தைத் தெரியாது என்று காட்டுகிறதா. பல வடிவான செயலிகள் அந்தக் கடைசிக் கேள்வியில் தோற்றன. மிஞ்சியவை அண்ணன் சிரித்த அந்தக் குறிப்பும், செய்மதி மேகப்படமும், வானிலைத் திணைக்களம் விமானிகளுக்கு எழுதும் முன்னறிவிப்பும். கிளம்பும் முன் வழியிலுள்ள விமான நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே வானம் எப்படி என்று கேட்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

"எனக்கு நீ பறக்கவே வேண்டாம்," என்றேன். அவள் இரத்மலானைக்குத் திரும்பிப் போனாள்.

பயணத்துக்கு மறுபடி நாள் குறித்தார்கள். மறுபடியும் மதியம். மேகப்படத்தில் வவுனியாப் பக்கம் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தனவாம். பின்னேரம் இடி வரலாம் என்று முன்னறிவிப்பு. அவள் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் எல்லோரும் பறக்கிறார்களே என்று பயிற்சியாளர் எரிந்து விழுந்திருக்கிறார். குழுவில் அண்ணன் தன் செயலியின் நிறமில்லாப் படத்தை மறுபடி போட்டார்: "சுத்தமாய்க் கிடக்கு. மருமகள் பயந்திட்டாவோ?"

அன்று முழுவதும் எங்கும் மழை பெய்யவில்லை. பின்னேரம் அவள் அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்டும் வரேல்லை. போயிருக்கலாம்."

பறப்பை விட்டுவிடு என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவ்வளவு நாளும் அந்தச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவள் அழுதது பயத்தால் அல்ல, பறக்கவில்லையே என்று. அதைக் கேட்ட பிறகு அந்தச் சொற்கள் வாயில் வரவில்லை.

"ஓம், போயிருக்கலாம். போகாட்டி என்ன? அடுத்த முறையும் சந்தேகமெண்டால் உப்பிடித்தான் நில்," என்றேன்.

பிறகு குழுவில் அண்ணனுக்கு எழுதினேன்: "ஓம், பயந்திட்டாள். பயந்து பயந்துதான் பிளேன் ஓட்டுவாள். நீங்கள் உங்கடை ஊர் மழையைப் பாருங்கோ."

அந்தப் பயணம் இன்னும் முடியவில்லை. அடுத்த முறை காலையிலேயே விமானத்தைத் தனக்குத் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறாள். கொடுப்பார்களோ தெரியாது. கொடுக்காவிட்டால் நானே பள்ளிக்குத் தொலைபேசி எடுத்து நாலு கேள்வி கேட்பேன் என்றேன்.

"ஐயோ, வேண்டாம் அம்மா. நீங்கள் எடுத்தால் என்னைத் தரையிலேயே விட்டிடுவாங்கள்."