தாடை கழன்ற மீனும் எஸ்தர் அக்காவும்

எஸ்தர் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி நம் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மெழுகுவர்த்தி மினுக்கும் படம். கீழே ‘கலைத்தாயை இழந்தோம்’. அனுப்பியவர் நம் சபைச் செயலாளர். போன கிறிஸ்துமஸ் வரை அவர் வாயில் அதே அக்கா ‘அட்டைப்பெட்டிக்காரி’. தாயாவதற்குச் சாக வேண்டியிருந்தது. தொடர்ந்து கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. சொந்தமாக ஒரு வரி எழுத ஒருவருக்கும் நேரமில்லை.

அக்கா வேதாகமக் கதைகளைத் தனியாளாக நடித்துக் காட்டியவர். டிவி வந்த அட்டை, தார்ப்பாய், உடைந்த குடைக்கம்பி இவற்றைக் கொண்டு செம்பாக்கத்து வீட்டில் உடை, மேடைப் பொருள் எல்லாவற்றையும் தானே தைத்து ஒட்டுவார். எதுவும் நேராக இருக்காது. நான் வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவள். அந்தக் கோணல் தையலைக் கண்டாலே எனக்குக் கை அரிக்கும்.

சகோதரிகளே, நம் சபை ஹாலில், பெரிய மீன் விழுங்கிய யோனாவை அவர் நடித்த மாலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதியில் தார்ப்பாய் மீனின் கீழ்த்தாடை கழன்று விழுந்தது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் கெக்கலித்தார்கள். திரையை இழுக்கச் சொல்லிச் செயலாளர் கையை ஆட்டினார். அக்கா மீனின் வயிற்றிலிருந்து தலையை நீட்டினார். “இன்னா அவசரம்? மீனுக்குப் பல்வலி. கட்டிட்டு வரேன், குந்துங்க.”

எல்லார் கண்முன்னும் உட்கார்ந்து, தாடையைக் கயிற்றால் கட்டினார். மறுபடி உள்ளே போய், அந்த ஒட்டுப்போட்ட வாய் வழியாக யோனாவின் ஜெபத்தைச் சொன்னார். காயம்பட்ட மீனுக்குள்ளிருந்து வந்த ஜெபம். சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. ஏன் மூடினோம் என்று சிலருக்கு இன்றுவரை விளங்கியிருக்காது.

மறுநாள் சமையல் முடிந்ததும், பிள்ளையோடு வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட அடிமைப்பெண் ஆகாரின் கதையை நாடகமாக எழுத உட்கார்ந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், எழுதத் தகுதி வரட்டும் என்று அதுவரை காத்திருந்தேன். முடித்ததைச் செயலாளரிடம் கொடுத்தேன்.

“ஸ்கிரிப்ட் ஓகே சிஸ்டர். காஸ்ட்யூம் தாம்பரத்துல வாடகைக்கு எடுத்துடுங்க. வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணிடலாம், நீங்க வாயசைச்சா போதும். ப்ரொஃபஷனலா இருக்கணும்ல?”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாடகம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அக்காவிடம் போய்ப் புலம்பினேன்.

“வனாந்தரத்துக்குத் தொரத்திவுட்ட பொண்ணுக்கு ஜரிகை முக்காடு எவன் குடுத்தான், ஒட்டகமா?” என்றவர், பழைய போர்வை ஒன்றை என் தலையில் போட்டார். “கிழிசல உள்ள மடிக்காத. தெரியட்டும்.”

“நடுவுல வசனம் மறந்துட்டா அக்கா?”

“நில்லு. ஞாபகம் வந்ததும் பேசு. மன்னிப்பு மட்டும் கேக்காத. கேட்டேன்னா, சனம் கதைய வுட்டுட்டு உன்னப் பாக்கும்.”

இப்போது அவருக்கு நினைவுக் கூட்டமாம். என் நாடகத்தை அஞ்சலியாக நடத்த அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் பின்னால் எல்ஈடி திரையில் பாலைவனம் ஓடுமாம். அது போதாதென்று, அந்த மீனைப் படப்பை ஊரில் யாரிடமோ கொடுத்து, கயிற்றை அவிழ்த்துத் தாடையை ஒட்டி, பெயின்ட் அடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். “ஃபினிஷிங் குடுத்தா நல்லாருக்கும் சிஸ்டர்” என்கிறார் செயலாளர். அக்கா இருந்தவரை அந்த மீனுக்கு ஹாலில் ஒரு மூலை கிடைக்கவில்லை. அவர் போட்ட முடிச்சை அவிழ்ப்பதற்குப் பெயர் மரியாதை என்றால், அந்த மரியாதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் மகளிடம் பேசினேன். “எங்கம்மா இருந்திருந்தா, அந்தக் கண்ணாடிய ஒடைச்சு மீனுக்குக் கண்ணு வெச்சிருப்பாங்க ஆன்ட்டி” என்றாள். மீனைத் தர மாட்டாள்.

நான் நடிப்பேன். வாடகை உடை, பதிவு செய்த குரல், ஓடும் பாலைவனம் எதுவும் இருக்காது. ஹாலைப் பூட்டினால் வாசலில் நடிப்பேன். எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நிற்கும் அந்தத் துணிச்சல். தண்ணீரில்லாமல் துவண்ட பிள்ளையைச் செடியின் கீழ் விட்டுவிட்டு ஆகார் அழும் இடத்தில் என் குரல் உடையும்; எனக்குத் தெரியும். உடைந்த குரலிலேயே மீதியைச் சொல்லி முடிப்பேன்.