ரிவர்ஸில் கிளம்பாத பஸ்

டீசல் பஸ்ஸுக்கு ஒரு பம்ப் போதும். கரண்ட் பஸ்ஸுக்கு ஊரையே தோண்ட வேண்டும். பள்ளத்தைத் தாண்டும்போது திட்டினீர்களே, அந்தத் திட்டெல்லாம் வந்து சேரும் முகவரி நான்தான். தாராவிப் பக்கத்து டிப்போவில் சார்ஜர் எங்கே வைப்பது, கேபிளை எப்படிக் கொண்டுவருவது என்று திட்டம் போடுவது என் வேலை. "திறப்பு விழா அன்னிக்கு பஸ் நகரலைன்னா நீ நாக்பூருக்கு டிரான்ஸ்ஃபர்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மகள் பத்தாம் வகுப்பு. பஸ் நகர்ந்தால்தான் நான் குடியிருக்கும் செம்பூரை விட்டு நகராமல் இருக்க முடியும்.

வரைபடத்தில் இல்லாத தெரு

கேபிள் வழியில் மீரான் பாயின் தோல் பை தைக்கும் பட்டறை. என் வரைபடப்படி அங்கே மண்ணுக்கடியில் ஒன்றுமே கிடையாது. இரண்டடி தோண்டியதும் இடியாப்பம் மாதிரி தண்ணீர்க் குழாய்கள். எது யார் வீட்டுக் குழாய் என்று மீரான் பாய்தான் ஆள் ஆளாகக் கூப்பிட்டு, வழி பிரித்துக் கொடுத்தார். பிறகு என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுல எங்க தெருவே இல்லியே சாப். எங்க வாப்பா பம்பாய்க்கு வாரதுக்கு முந்தி வரைஞ்சதோ?"

சுவருக்கு முதுகு

டிப்போவை நான் அளந்தது நண்பகலில். பஸ்ஸெல்லாம் ரோட்டில். காலி இடத்தில் யாரும் மேதாவிதான். சார்ஜர்களைச் சுவரோரம் நட்டேன். புது பஸ்ஸில் சார்ஜர் சொருகும் இடம் முன்பக்கம். பஸ்கள் வந்தன; அத்தனையும் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றன. கேபிள் பாதி பஸ்ஸோடு நின்றுவிட்டது. திருப்பி நிறுத்தச் சொல்லி, தாராவி லேபர் கேம்ப்பில் குடியிருக்கும் மூத்த டிரைவர் மாரிமுத்துவிடம் கெஞ்சினேன்.

"காலைல மொத மொத ரிவர்ஸ்ல எறங்குனா டூட்டி வெளங்குமா சார்? நீங்க ஆபீசுக்குப் பின்னாலயா நடந்து போவீய?"

முதல் பிரசாதம்

சார்ஜர்களைப் பெயர்த்து, பஸ் வெளியேற வழிவிட்டு முன்பக்க ஓரமாக நட்டேன். "தொழில்நுட்பக் காரணம்" என்று மேலதிகாரிக்கு எழுதியும் கொடுத்தேன்.

விழாக் காலை. பஸ்ஸுக்குச் சாமந்தி மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். அமைச்சர் தன் கையால் சார்ஜரைச் சொருகிக் கழற்றி, பஸ்ஸைக் கிளப்பி வைக்க வேண்டும். ஒத்திகைக்கு நான் சொருகினேன். சிவப்பு விளக்கு. குனிந்து பார்த்தால், சொருகும் இடத்துக்குள் சந்தனமும் குங்குமமும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் அமைச்சரின் கார். மாரிமுத்து பதறவே இல்லை. பழைய பல் பிரஷ்ஷால் சுத்தமாகத் துடைத்தார். பச்சை விளக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. "போயும் போயும் அங்கயா வெப்பீங்க?" என்றேன்.

"அது சாப்புடுத வாயில்லியா சார்? மொதப் பிரசாதத்த வேற எங்க வைக்க?"

பஸ் முன்னால் நகர்ந்தது, நான் செம்பூரிலேயே இருக்கிறேன். மேலதிகாரியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், இப்போதெல்லாம் என் ஸ்கூட்டரையும் முந்தின நாள் ராத்திரியே வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுகிறேன்.