உச்சிவெயிலில் வந்த தண்ணீர்

விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு கிளம்பிவிடும். மலையேறும்போது மேகம் மடியில் வந்து உட்காரும். பெண்கள் பாதித் தூக்கத்தில் மிதப்பார்கள். சூர்யகலாவுக்கு அந்தத் தூக்கத்திலும் தண்ணீர்க் கவலைதான். வார்டு நிதியில் அவள் தெருவில் போடப்பட்ட புதுக்குழாயில் விடிகாலையில் காற்றுதான் வந்தது. காத்திருந்தால் ஜீப்பு போய்விடும். அன்றைய கூலியும் போய்விடும்.

கண் பட்டுவிட்டதென்று பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி குழாயில் எலுமிச்சம்பழம் கட்டினாள்.

"ஏத்தா, அதப் பிழிஞ்சாலாவது சர்பத்து கிடைக்கும்" என்றாள் சூர்யகலா, மறுநாள் ஜீப்பில். ஜீப்பே சிரித்தது.

அந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் அதே குழாயின் படம் வந்தது. தண்ணீர் கொட்டியது. தெருவே பயனடைகிறதாம். சூர்யகலா படத்தை உற்றுப் பார்த்தாள். குழாயின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. உச்சிவெயில் நேரம்.

ஞாயிற்றுக்கிழமை, அந்தச் செய்தியை எழுதிய நிருபர் ஜோயலைத் தேடிப் போனாள்.

"அண்ணே, நீங்க பொய் எழுதல. ஆனா மத்தியானத் தண்ணிய யாரு பிடிக்க? அந்நேரம் தெருவே மலையில வேலையில கெடக்கு. நாளைக்கு ஜீப்பு ஏறுற நேரத்துக்கு வந்து படம் எடுங்க."

அவர் வந்தார். அடுத்த இதழில் வறண்ட குழாயும் ஜீப்பில் பெண்களும் இருந்தார்கள். உழைப்பவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் தண்ணீர் திறந்துவிடுவது நலத்திட்டமா, அது அநியாயம் அல்லவா என்று செய்தி கேட்டது.

சில நாளில் தண்ணீர் விடும் நேரம் விடிகாலைக்கு மாறியது. இருட்டில் குழாய் சலசலக்க, தெரு கனவுபோல் நனைந்து கிடந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"வெரசா ஏறுத்தா!"

"இருண்ணே, இன்னும் ஒரு குடந்தான்!"