வாய்விட்டுச் சொன்ன குறை

பதினோரு வயதில் எனக்கு உள்ளாடையிலேயே மலம் கசிந்துகொண்டிருந்தது. வருவது தெரியாது, வாடை வந்த பிறகுதான் தெரியும். இப்போது எழுத முடிகிறது. அன்று இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அம்மாவுக்கும்.

பள்ளிக் கழிப்பறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாலே தோழிகள் கதவைத் தட்டிச் சிரிப்பார்கள். அதற்குப் பயந்து அடக்கினேன். அடக்கியது இறுகியது, இறுகியது வலித்தது, வலிக்குப் பயந்து இன்னும் அடக்கினேன். பிறகு கசிவு தொடங்கியது.

அம்மா தொழிற்சாலையிலிருந்து வந்ததும் என் புத்தகப்பையின் அடியில் சுருட்டிவைத்த பிளாஸ்டிக் பையை எடுப்பார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருவரும் சேர்ந்து துவைப்போம். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்மா. அப்பாகிட்டகூட சொல்லமாட்டேன்" என்றார். நம்பினேன்.

அம்மா அதை வயிற்றுப்போக்கு என்று முடிவுகட்டியிருந்தார். பப்பாளியும் கீரையும் நின்றன. கஞ்சி, பிஸ்கட், நாக்கு கசக்கும், பால் சேர்க்காத கட்டித் தேநீரான தே ஓ. வயிறு கல்லாகியது, கசிவு கூடியது. கசிவு கூடக்கூடத் தே ஓவின் கட்டியும் கூடியது. அம்மாவின் அக்கறையில் குறை சொல்ல முடியாது. அது தப்பான பக்கம் போனது, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பரீட்சைக்கு விபூதி வாங்கலாம் என்று ரெங்கம் ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்திலிருந்த முனீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப்போனார். அங்கே வெள்ளிதோறும் சாமி பார்ப்பார்கள். பூசாரி மேல் சாமி இறங்கியதும் வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் குறையைச் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொன்னால்தான் தீரும் என்பது அங்கே வழக்கம். யார் வீட்டுக்காரர் குடிக்கிறார், யாருக்கு வேலை போனது என்பதெல்லாம் வரிசை முழுக்கக் கேட்கும். எங்களுக்குப் பின்னால் என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் அம்மாவோடு நின்றாள். எங்கள் முறை வந்தது. அம்மா பரீட்சையைப் பற்றிப் பேசுவார் என்று கைகூப்பி நின்றேன்.

"பதினோரு வயசாச்சு சாமி. இன்னும் உடுப்புலயே வெளிக்குப் போயிடுறா. தொவச்சுத் தொவச்சு என் கையே போச்சு."

சாமி எலுமிச்சம்பழம் கொடுத்து, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றது. போயும் போயும் என் மேல், அதுவும் அந்த இடத்தில், யார் கண் வைப்பார்கள்? எனக்குச் சாமி மேல் கோபமில்லை. அதற்குத் தெரியாததையா அம்மா சொன்னார்? பின்னால் நின்றவளுக்குத்தான் அது புதுச்செய்தி. திங்கட்கிழமை வகுப்பில் என் மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் விலகியிருந்தன.

வயிற்றுவலி தாங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், படமும் எடுத்தார். இது பேதியில்லை, மலச்சிக்கல் என்றார். இறுகிய மலம் உள்ளே அடைத்துக் கிடக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீராக இருப்பதுதான் கசிகிறது, குடல் விரிந்துபோனதால் பிள்ளைக்கு உணர்ச்சியே இருக்காது, அவள்மேல் தப்பில்லை என்றார். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மருந்து, சாப்பிட்டதும் கழிப்பறையில் சற்று நேரம் உட்காரும் பழக்கம் என்று மாதக்கணக்கில் இழுத்து, சரியானது. தே ஓ கொடுத்ததை நினைத்து நினைத்து அம்மா அழுதார். அதை நான் அன்றே மன்னித்துவிட்டேன். அது தெரியாமல் செய்தது. கோயிலில் செய்தது தெரிந்தே செய்தது. அதற்காக அவர் அழவில்லை. அது துரோகம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பதின்மூன்று வயதில் பெரியவளானேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. என் சடங்குக்கென்றே அவர் பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்ததும், ஹால் பார்த்துவைத்திருந்ததும் எனக்குத் தெரியும். ஐந்து மாதம் கழித்து, துணி அடுக்கும்போது என் அலமாரியில் பேட் பாக்கெட்டைப் பார்த்துவிட்டார். கையில் அதை வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார்.

"அம்மாகிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவீங்க."

 அம்மா எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்போது வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமே இல்லை.