சுட்ட மரம் முனகாது

தன் பழி பிறர் தலையில் இறங்க விடாமை என்பது ஓர் அறம். ஈகையைப் பாடினோர் பலர். வீரத்தைப் பாடினோர் அவரினும் பலர். இவ்வறத்தைப் பாடுவோர் அரியர். இதைச் செய்தவர்க்குக் கூட்டம் சேராது, மாலை விழாது. கையில் இருக்கும் வேலையும் போகும். அவ்வாறு போக்கிக்கொண்ட ஒருவரின் கதை இது. மரம் இழைக்கும் பட்டறையில் அவரைக் காதண்ணன் என்பார்கள்.

பெயர்க்காரணம் எளிது. இழைப்பு இயந்திரம் ஓடும்போது அவர் பலகையைப் பார்ப்பதில்லை. தலையைச் சாய்த்துக் கேட்பார். பிளேடு மழுங்கத் தொடங்கினால் மரம் முனகும். அம்முனகல் பிறர் செவிக்கு எட்டுமுன் அவர் கை விசையை அணைத்திருக்கும். "வீட்டுல நான் கத்தினாலும் கேக்காது. அங்க இரும்பு இருமினா மட்டும் எழுந்து ஓடுவாரு" என்பது அவர் மனைவியின் தீராத வழக்கு.

ஒருநாள் பட்டறைக்குச் சுட்ட மரம் வந்தது. காற்றை அடைத்த சூளையில், தீப்பற்றாமல் வறுத்தெடுத்த பலகைகள். கருகிய சர்க்கரையின் மணம்; காப்பிக்கொட்டையின் நிறம். நீரில் எளிதில் உப்பாதவை என்பதால் நீச்சல் குளமொன்றின் கரையில் பதிக்க அவற்றை இழைத்துத் தரவேண்டும். வெறுங்காலோடு நடப்போர்க்கான தளம். ஒரு சிராய்கூட நிற்கலாகாது.

வறுபட்ட மரத்தின் இயல்பு வேறு. ஈரமும் பிசினும் போனபின் நாருக்கும் நாருக்கும் இருந்த பிடிப்புத் தளர்ந்துவிடுகிறது. வெட்டினால் மல்லுக்கு நிற்காமல் இணங்கும். இணங்குகிறதே என்று நம்பி விரட்டினால், விளிம்பு முறுக்குப் போல் நொறுங்கும். கூரிய பிளேடுக்குச் சிறு செதிலாக உதிரும். மழுங்கியதற்கு மாவாகக் கொட்டும். ஆனால் எந்த நிலையிலும் முனகாது. காதையே நம்பி வாழ்ந்த மனிதர் கெட்டது அங்கேதான்.

முதலாளியின் மைத்துனர் ஒருவர் அங்கே மேற்பார்வை பார்த்தார். அதாவது நாற்காலியைத் தேய்த்தார். பட்டறையார் அவரை மாப்பிள்ளை என்பார்கள். அன்று அவர் எழுந்து வந்தார்.

"என்னண்ணே, வெண்ணெய் மாதிரி போகுது. இன்னும் எதுக்கு ஆமை நடை? கூட்டுங்க வேகத்த."

காதண்ணன் செவி சாய்த்தார். முனகல் இல்லை. "தாங்கும்னு நினைக்கிறேன்" என்று வேகத்தைக் கூட்டினார். பிளேடையும் மாற்றவில்லை.

இயந்திரத்தின் மறுமுனையில், வெளிவரும் பலகைகளைக் கட்டாகக் கட்டுபவள் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். படுத்த படுக்கையான மாமியாருக்கும் பள்ளி செல்லும் மகளுக்கும் அவள் உழைப்பே சோறு. அவள் மாப்பிள்ளையிடம் ஓடிவந்தாள். "சார், ஓரமெல்லாம் உதிர்ந்து வருது!"

"கட்டுறதுதான உன் வேலை? அத மட்டும் பாரு."

இரைச்சலில் இது காதண்ணன் செவிக்கு எட்டவில்லை. மாலையில் முதலாளி கட்டைப் பிரித்தார். பலகைதோறும் எலி கொறித்தாற்போன்ற விளிம்பு.

"யாரு வேலை இது?"

மாப்பிள்ளையின் நாக்கு இயந்திரத்தினும் விரைந்தது. "வேற யாரு? இந்தப் புதுப் பொண்ணுதான். தொப்பு தொப்புனு போட்டா உடையாம என்ன செய்யும்?"

"நான் போடல சார்! உதிருதுன்னு உங்ககிட்டதான வந்து சொன்னேன்?"

"எங்கிட்டயா? எப்போ?"

சொன்ன வாயும் கேட்ட காதும் எதிரெதிரே நிற்கையில் இப்படியும் ஒருவன் வினவுவானா! இத்தகைய நாக்கைப் படைத்தபோது படைத்தவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான்? முதலாளியோ ஒரு நொடியும் தயங்கவில்லை. "நாளைலேருந்து நீ வர வேணாம்மா."

காதண்ணன் ஒரு பலகையை எடுத்து வெளிச்சத்தில் நீட்டினார். "மொதலாளி, கீழ விழுந்த பலகை மூலைல உடையும். இது நீளம் பூரா உதிர்ந்திருக்கு. மழுங்குன பிளேடு செஞ்ச வேலை. ஓட்டுனது நான்."

"நீயா? உனக்குக் கேக்கலயா?"

"அதுதான் தப்பு. கேட்டேன், பாக்கல. வேகத்தக் கூட்டச் சொன்னது மாப்பிள்ளை, தலையாட்டுனது நான். கண்ணத் திறந்து வச்சிருந்தது இந்தத் தங்கச்சி ஒருத்திதான். வெளிய அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க."

முதலாளி வழங்கிய தீர்ப்பைக் கேளுங்கள். பொய் சொன்ன மைத்துனருக்கு இயந்திரம். மெய் சொன்ன காதண்ணனுக்குக் கட்டுக் கட்டும் வேலை. அந்தப் பெண் இயந்திரத்துக்குப் பலகை எடுத்துக் கொடுக்கலாம். அடுத்த முறை ஒரு பலகை உடைந்தாலும் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். உடைப்பவன் ஒருவன், போகிறவள் ஒருத்தி! இதற்குத் துலாக்கோல் எதற்கு? உடைத்து அடுப்பில் போடலாம்.

வீட்டில் செய்தி கேட்ட மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். "சும்மா இருந்திருந்தா மெஷின் உங்களோடது. இப்ப என்ன கிடைச்சுது?"

"சாப்பாடு தொண்டைல இறங்குதே."

அவள் தட்டைத் திரும்ப அவர் முன்னே நகர்த்தினாள். பிறகு இன்னொரு கரண்டி இட்டாள். "இறங்கட்டும். நாளைக்குக் காதோட கண்ணையும் எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டுதான் போனார். அடுத்த சுட்ட மரம் ஏறியபோது, கட்டுமுனையில் நின்றவர் செவி சாய்க்கவில்லை; குனிந்து தரையைப் பார்த்தார். செதில் உதிர்ந்தவரை பேசாதிருந்தார். மாவு கொட்டத் தொடங்கியதும் ஒரு கைப்பிடி அள்ளி, எதிர்முனையில் நின்றவளுக்குத் தெரிய உயர்த்திக் காட்டினார். அவள் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏம்மா நிறுத்தின? குடு!" என்று சீறினார் மாப்பிள்ளை.

"பிளேடு மாத்துங்க சார், வேகத்தையும் குறைங்க. உடைஞ்சா போகப் போறது நான். அதனால நான்தான் சொல்லுவேன்."

"யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"மாவு."

பட்டறையே சிரித்தது. மாப்பிள்ளை முணுமுணுத்தபடி பிளேடை மாற்றினார், வேகத்தைக் குறைத்தார். பலகைகள் விளிம்பு கெடாமல் வந்தன. முதலாளி ஒன்றைத் தடவிப் பார்த்து, மைத்துனரின் முதுகில் தட்டினார். "கை ராசிடா உனக்கு!"

கட்டுமுனைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இன்றுவரை இல்லை. காதண்ணன் இன்றும் அங்கேதான் கட்டுகிறார்; அந்தப் பெண் இன்றும் வேலையில் இருக்கிறாள். எவனுடைய கையில் ராசி என்று மரத்துக்குத் தெரியும். மரத்தை முளைப்பித்தவனுக்கும் தெரியும்.

அவனை வேண்டுகிறேன். காதண்ணன் வீட்டு உலை ஓயாதிருக்கட்டும். அவர் மனைவியின் வாய்த்துடுக்கும் கைப்பதமும் குன்றாதிருக்கட்டும். அவ்வீட்டு வாசலில் பொய் செருப்பைக் கழற்றாதிருக்கட்டும். அவர் மக்களும் மக்கள்தம் மக்களும் உண்ணும் சோறெல்லாம், அன்று அவருக்கு இறங்கியதுபோலவே தொண்டையில் இனிதாக இறங்கட்டும்.