பேர் போடாத ஊரில் நோயில்லை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், தினமும் காலை ஏழரைக்கு என் முதல் வேலை இன்று என்ன கிழமை என்று எழுதுவது. கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ‘இன்று செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. இது இலையுதிர்காலம்.’ கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் மழை கொட்டிக்கொண்டிருக்கும், இருந்தாலும் எழுதியாக வேண்டும். இலங்கை மலையகத்தில், வட்டகொடைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் கரும்பலகையில் கிழமை எழுதியவள் நான். இங்கிலாந்துக்குப் போனால் வாழ்க்கையே மாறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாறியது பலகையின் நிறம்தான்.

இங்கே டோரதி என்று ஒரு அம்மா இருக்கிறார். ஒரு காலத்தில் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். அல்சைமர் நோய் வந்து ஆறு வருடமாகிறது. என்னைத் தன் மகள் மார்கரெட் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அசல் மார்கரெட் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள், நத்தாருக்கு ஒரு கிறிஸ்துமஸ் பிஸ்கட் பெட்டியோடு வந்து போவாள். வந்த புதிதில் “நான் மார்கரெட் இல்லை, செல்வி” என்று விளக்கம் சொல்லப்போய் மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நோயாளி சொல்வதை மறுத்துப் பேசக்கூடாது, அவர்கள் உலகத்துக்குள் நாம்தான் போக வேண்டும் என்பது இந்த இல்லத்தின் விதி. அன்றிலிருந்து நான் மார்கரெட். இந்த ஊரில் என் நிறத்தைக் கண்டுகொள்ளாத முதல் வெள்ளைக்காரி டோரதிதான். அதற்கும் அவருக்கு மூளை கெட வேண்டியிருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் பீட்டர் என்ற மனிதர். சுவரில் ஓர் உலகப்படத்தை விரித்தார். எந்த நாட்டில் எத்தனை பேருக்கு மறதிநோய் என்று நிறம் தீட்டிய படம். பணக்கார நாடுகள் எல்லாம் கருஞ்சிவப்பு. நம் பக்கம் வர வர வெளுத்து, இலங்கை வெறும் இளம்மஞ்சள். அவர் என் பக்கம் திரும்பி, உங்கள் ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள், இந்த நோய் உங்களுக்கு அதிகம் வருவதில்லை, மஞ்சள் சாப்பிடுவதாலா, தேநீர் குடிப்பதாலா என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஐயா, கணக்கெடுக்க ஆள் போகாத இடம் வெளிறித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல்லை இளித்துக்கொண்டு, “ஆமாம், எங்கள் ஆட்கள் கடும் உழைப்பாளிகள், கூட்டுக் குடும்பம் வேறு” என்றேன். அவரும் மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை எந்தக் கணக்கில் வந்தது என்று இப்போது தெரியும். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தினமும் ‘பேர் போடுவார்கள்’. பேர் போட்டால்தான் அன்று நீங்கள் வேலை செய்ததாக அர்த்தம். வேலை குறைந்தால் அரைப்பேர். பேர் போடாவிட்டால், மலை முழுக்க ஏறி இறங்கியிருந்தாலும் நீங்கள் அன்று உலகத்தில் இல்லை. பீட்டரின் படமும் அப்படிப் பேர் பதியும் செக்ரோல் புத்தகம்தான். மூளையைப் படம்பிடிக்க இயந்திரமும், பெயர் சொல்ல டாக்டரும், எண்பது வயதுவரை ஆளை உயிரோடு வைத்திருக்க வசதியும் உள்ள நாட்டுக்கு முழுப்பேர். எங்களுக்குப் பேரே இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வசதி குறைந்த நாடுகளில்தான் இருக்கிறார்கள் என்று இவர்களுடைய பெரிய படிப்பாளிகளே எழுதியிருக்கிறார்கள். அது பீட்டரின் படத்துக்கு இன்னும் எட்டவில்லை. நம்மவர்களைக் கேட்கவே வேண்டாம். மஞ்சள் தின்பவனுக்கு மறதி வராது என்று காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சாயங்காலம் அதையே மறந்துபோய்த் திரும்பவும் அனுப்புகிறார்கள்.

என் அப்பா ராமையா, கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டு சாய்வாக விழ வேண்டும், தண்டு பிளக்கக் கூடாது. அப்பா வெட்டிய மலையைத் தோட்டத்து அதிகாரியான தொரையே நின்று பார்த்துவிட்டுப் போவார் என்று சொல்வார்கள். பென்சன் வாங்கி வருடக்கணக்காகிறது. பீட்டரின் வகுப்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தம்பி யோகன் போன் செய்தான். டவுனில் திரீவீலர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு அப்பாவோடு லயத்து வரிசை வீட்டில், காம்பரா என்ற ஒற்றை அறையில் இருப்பவன் அவன்.

“அக்கா, அப்பா கண்டாக்கையா வீட்டு ரோசாச் செடி பூராத்தயும் முட்டியளவுக்கு வெட்டிப் போட்டுட்டாருக்கா. டேலியாவயும் விடல. கேட்டா ‘இன்னும் நாலு நெர பாக்கி’ன்னு சொல்றாரு.”

தோட்டத்தை மேற்பார்க்கும் உத்தியோகத்தர்தான் கண்டாக்கையா. “குடிச்சிருக்காரா?” என்று கேட்டேன்.

“வாட அடிக்கலக்கா. ஆனா எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. பூசாரி முனி அடிச்சிருக்குங்கிறாரு.”

“முனியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. வேலயில்லாம இருக்காரு, எங்கயோ ஊத்திட்டு வந்துருக்காரு. கத்திய எடுத்து ஒளிச்சு வையி. நீ டவுனுக்குப் போறப்ப காம்பராவப் பூட்டிட்டுப் போ.”

போன் சத்தமாகப் பேசும்படி வைக்கப்பட்டிருந்தது. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அது தெரியாது. தீபாவளிக்குக்கூடக் குடிக்காத மனிதரைக் குடிகாரர் என்றேன். ஊர்வாய் சொன்னதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றும் நமக்கு வருவது குடிவெறி என்றும் முடிவுகட்டியிருந்தேன். அதற்குச் சான்றிதழ் வேறு வைத்திருந்தேன், பீட்டர் கையெழுத்துப் போட்டது. ஆறு மாதம் பகலெல்லாம் அப்பா அந்தக் காம்பராவுக்குள் பூட்டிக் கிடந்தார்.

ஒருநாள் டோரதி மேசை மேலிருந்த கைதுடைக்கும் தாள்களை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து, பிரித்து, திரும்ப மடித்தார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்டாள். நான் டீச்சர் தோரணையில், “சலவைக்கூடத்தில் இருந்தவர். தலை மறந்தாலும் கை மறக்காது” என்றேன். சொல்லி வாயை மூடும்போதே ரோசாச் செடி ஞாபகம் வந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த வாரமே லீவு எழுதிக் கொடுத்தேன்.

ஊருக்குப் போய் முதல் வேலையாகப் பூட்டைக் கழற்றினேன். அப்பா எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மறுநாள் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். நாலு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு சின்ன டாக்டர், நல்ல பையன், கடுதாசியில் அச்சடித்த கேள்விகளைத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். இன்று தேதி என்ன, பிறந்த வருசம் என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு மணிக்கூடு படம் கீறுங்கள். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழும்பி, சங்கு ஊதினால் படுத்தவருக்குக் கடிகாரம் எதற்கு? அவர் பிறந்த தேதியை அவரைப் பெற்றவளே அறியாள். பேனாவைக் கொடுத்ததும், அப்பா அதைக் கவ்வாத்துக் கத்தியாய்ப் பிடித்துக் காகிதத்தில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டினார்.

டாக்டர் சிரித்துவிட்டார். “அக்கா, பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கு இந்த டெஸ்ட் சரி வாறது இல்ல. எல்லாரும் பெயில்தான். வயசு போனதால வாற வருத்தம்னு எழுதுறன், விட்டமின் தாறன்” என்றார். எங்கோ மேசையில் உட்கார்ந்து, எங்கோ உள்ளவர்களை வைத்துச் செய்த கேள்விகள். அதில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் நோய் என்று வரும், அல்லது ஒருவருக்கும் இல்லை என்று வரும். இல்லை என்று எழுதுவது எல்லாருக்கும் வசதி. பீட்டரின் படத்தில் இலங்கை இளம்மஞ்சளாகவே இருக்கட்டும். இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கத் தேயிலையோடு கிடந்தார், ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை பால் விடாத சாயத்தண்ணி குடித்தார். தேநீர் மறதியைத் தடுக்குமாம்.

அடுத்த நாள் காலை அப்பா பெரட்டுக் களத்துக்குக் கிளம்பினார். வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் கூடி நிற்கும் இடம் அது. நான் குளிருக்கு என் இங்கிலாந்துக் கோட்டையும் பூட்சையும் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். பனிமூட்டத்துக்குள் ஒரு ஓரமாக நின்றவர், திரும்பி என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சலாங்க தொரசாணி. எம்பேரு போட்டாச்சுங்களா?”

கோட்டும் பூட்சும் என்னைத் தொரையின் பெண்டாட்டி ஆக்கியிருந்தன. “அப்பா, நாந்தான் செல்வி.”

அவர் இரண்டடி பின்னால் போனார். முகம் சுருங்கியது. “செல்வி சீமையிலங்க இருக்கா. அவதாங்க என்னயப் பூட்டி வைக்கச் சொன்னா. நான் குடிக்கிறேன்னு சொல்லிட்டா தொரசாணி. நீங்க விசாரிச்சுப் பாருங்க, நான் தொட்டது கெடையாது.”

முகத்தை மறந்தவர் பழியை மறக்கவில்லை. எந்த வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் கோட்டுப் பைக்குள் இருந்த வேலைக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அவர் பெயரை எழுதினேன்.

“விசாரிச்சுட்டேன். நீங்க குடிக்கல. செல்வி சொன்னது பொய்யி” என்றேன். “பேரு போட்டாச்சு.”

“முழுப்பேருங்களா, அரப்பேருங்களா?”

“முழுப்பேரு.”

திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. பூட்டை நானே ஆற்றில் எறிந்துவிட்டு வந்தேன். பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் காம்பரா அக்கா ஒருத்தி இருக்கிறாள். அப்பா தினமும் விறகுக்கு வெட்டிப்போட்ட சவுக்குக் கிளைகளைத் தறித்துக்கொண்டிருக்கிறார். கவ்வாத்துக்காரர்கள் மத்தியானத்தோடு வேலையை முடித்துப் பேர் கொடுப்பார்கள். அங்கே மத்தியானம், இங்கே காலை ஏழரை. நான் பலகையில் கிழமை எழுதும் நேரத்தில், சாப்பாட்டுக்கு வீடு வந்த யோகனின் போன் வரும். செல்வி பேசினால் அப்பா எழுந்து போய்விடுகிறார். தொரசாணி பேசினால்தான் இருக்கிறார். தொரசாணி அவரை அப்பா என்று கூப்பிட முடியாது.

இன்றைக்கும் வந்தது. அப்பா கேட்டார்: “பேரு போட்டாச்சுங்களா?”

“போட்டாச்சு, ராமையா” என்றேன். பெற்ற தகப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு இன்னும் பழகவில்லை.

டோரதி நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “யார் அது, மார்கரெட்?”

“என் அப்பா.”

அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆதரவாகத் தடவிக்கொடுத்தார். “உன் அப்பா இறந்து எத்தனையோ வருடமாகிறதே, கண்ணே. மறந்துவிட்டாயா?”

நோயாளி சொல்வதை மறுத்துப் பேசக்கூடாது என்பது விதி. “ஆமாம் அம்மா, மறந்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டு, பலகையில் இன்றைய கிழமையை எழுதப் போனேன்.